கால் முதலில் வந்த ஓங்கல்குட்டி

மூன்று வருடங்களுக்கு முன்னால், சங்கரன்கோவிலில், ஆடித்தபசு அன்று ஆரம்பித்தது இது. அந்தத் திருவிழா அன்றைக்கு எங்கள் ஊருக்குள் ஆட்டோ என்ன, சைக்கிள்கூட நுழைய முடியாது. அது தெரிந்தும் என் மகள் பிறப்பதற்கு அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. குழந்தை திரும்பவில்லை, தலை மேலேயே இருக்கிறது, ஆபரேஷனுக்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள் என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். நான் தயாராகத்தான் இருந்தேன். அவளுக்குத்தான் பொறுமை இல்லை.

ஆட்டோக்காரர் ரத வீதிப் பக்கமே தலைவைக்காமல் ரயில்வே ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றினார். தடுப்பு போட்டிருந்த போலீஸ்காரர்களிடம் என் கணவர் ஒவ்வொரு இடத்திலும் இறங்கிக் கெஞ்சினார். ஆஸ்பத்திரிக்குள் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் பேச்சுக்கெல்லாம் நேரம் தாண்டியிருந்தது. முதலில் கால் வந்தது. பிறகு உடம்பு. கடைசியாகத் தலை, கழுத்தில் கொடி ஒரு சுற்று. டாக்டரம்மா பதறாமல் கொடியை எடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார். குழந்தை அழக் கொஞ்சம் நேரமானது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாத் தாய்க்கும் சாமி ஞாபகம் வரும். எனக்கு ஒரு ஓங்கல் ஞாபகம் வந்தது. மேலே வா, மேலே வந்து மூச்சு விடு என்று மனதுக்குள் கத்திக்கொண்டே கிடந்தேன். அப்புறம் அழுதாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு இருக்கும் அம்மன் பெயரையே அவளுக்கும் வைத்தோம். வீட்டில் நான் கூப்பிடும் பெயர் மட்டும் ஓங்கல்குட்டி.

ஓங்கல் என்றால் டால்பின். எங்கள் ஊரில் அந்தச் சொல் யாருக்கும் தெரியாது, தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் சொல்வது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்தார்கள். பேத்தியைக் கையில் வாங்கிய அம்மா கேட்டது எடையை இல்லை, நிறத்தை இல்லை. நர்ஸிடம் கொடியைப் பற்றி விசாரித்துவிட்டு என் பக்கம் குனிந்து, "ஏட்டி, ஒங்கண்ணன் இப்ப வந்துரப்டாது. கொடி சுத்திப் பொறந்திருக்கு. மாமன் மொதல்ல எண்ணெயிலதான் மொகம் பாக்கணும்" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கொடி சுற்றிப் பிறந்த குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் உண்டு. ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, குழந்தையின் முகத்தை அந்த எண்ணெயில் நிழலாகத் தெரியவிட்டு மாமன் முதலில் அதைப் பார்க்க வேண்டும். பிறகுதான் நேரில் பார்க்கலாம். என் மகள் கொடியும் சுற்றி, காலும் முந்தி வந்திருந்தாள். கேட்கவா வேண்டும்.

ஆனால் அம்மா சொல்லி வாய் மூடும் முன்பே அண்ணன் வந்துவிட்டான். ஊரில் விசைத்தறி வைத்திருக்கிறான். தறியை நிறுத்திவிட்டு அப்படியே ஓடி வந்ததில் தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சுத் தூசி. அம்மா குறுக்கே வருவதற்குள் குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, "என் மருமவளுக்கு என்னைய மாதிரியே மூக்கு" என்று ஆஸ்பத்திரியே கேட்கும்படி சொன்னான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே மேலநீலிதநல்லூர் ரோட்டில் அவன் பைக்குக்குக் குறுக்கே ஆட்டுக்கூட்டம் பாய்ந்தது. விழுந்தான், கால் எலும்பு முறிந்தது. பிளேட் வைத்துத் தைத்தார்கள், மாதக்கணக்கில் தறிப்பக்கம் போக முடியவில்லை. அந்த ஆடுகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோட்டில் ஆட்டைவிட்டு வேடிக்கை பார்த்த ஆளையும் சொல்லவில்லை. தொட்டிலில் கண்கூட முழுசாகத் திறக்காமல் கிடந்த என் மகளைச் சொன்னார்கள்.

மதினி, அதாவது அண்ணன் மனைவி, அன்றோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அண்ணனையும் நிறுத்தினார். ஜோசியர் ஒருவர், இனிமேலாவது எண்ணெயில் முகம் பார்த்துத் தோஷத்தைக் கழித்தால்தான் மாமன் அந்தப் பிள்ளை கண்ணில் படலாம் என்று சொல்லிவிட்டாராம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இப்போது கடலுக்குப் போவோம். நான் விலங்கியல் படித்தவள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு அதைத்தான் நடத்துகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஓர் ஆய்வுக் குழுவில் ஒரு சீசன் வேலை பார்த்தேன். படகில் போய் டால்பின்களைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் வேலை. கரிசல்காட்டுக்காரி நான், ஆரம்பத்தில் வாந்தி எடுப்பதைத் தவிர எந்த ஆய்வும் செய்யவில்லை. என்னோடு வேலை பார்த்த தோழி கடற்கரை ஊர்க்காரி. என் தலையைப் பிடித்துப் படகுக்கு வெளியே வைத்துக்கொண்டே, "சங்கரன்கோவிலு மீனுக்குச் சாப்பாடு போடுது" என்று சிரிப்பாள். ஓங்கல் என்ற சொல்லை அவளிடம்தான் கற்றேன்.

நாங்கள் அதிகம் பார்த்தது வெப்பக் கடல்களில் வாழும் ஸ்பின்னர் டால்பின் என்ற இனம். நீளமான மூக்கு, முதுகு கறுப்பு, பக்கம் சாம்பல், வயிறு வெள்ளை. தண்ணீரிலிருந்து எம்பி, காற்றிலேயே உடம்பைப் பம்பரம் போலச் சுற்றிவிட்டு விழும். எதற்குச் சுற்றுகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உடம்பில் ஒட்டிக்கொண்ட உருவுமீனை உதற என்பார்கள், கூட்டத்துக்குச் சத்தத்தால் தகவல் சொல்ல என்பார்கள். எனக்கென்னவோ சில சமயம் சும்மாவே சுற்றுகிற மாதிரிதான் தெரியும். ராத்திரி முழுக்க ஆழக்கடலில் சின்ன மீனும் கணவாயும் வேட்டையாடும். பகலில் நெருக்கமாகச் சேர்ந்து, மெதுவாக மேலே வருவதும் கீழே போவதுமாக ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் குதிப்பு இல்லை, சத்தமும் குறைவு. தூங்கும்போதும் மூளையில் ஒரு பாதி விழித்திருக்கும். மூச்சு விட மேலே வரவேண்டுமே, முழுசாகத் தூங்கினால் செத்துப்போகும்.

ஒருநாள் காலை அப்படி ஓய்வெடுக்கும் கூட்டத்துக்குப் பக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு குட்டி. பிறந்து அதிக நேரம் ஆகியிருக்காது. முதுகுத்துடுப்பு இன்னும் நிமிரவில்லை, ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது. உடம்பின் பக்கவாட்டில் வெளிறிய கோடுகள். மடித்து அடுக்கி வைத்த சேலையைப் பிரித்தால் மடிப்பு தெரியுமே, அந்த மாதிரி. கர்ப்பத்துக்குள் வளைந்து மடங்கிக் கிடந்த அடையாளம் அது. பெரியவை முதுகை மட்டும் காட்டி நாசூக்காக மூச்சு விட்டுவிட்டுப் போகும். இது தெரியாத்தனமாகத் தலை முழுவதையும் தண்ணீருக்கு வெளியே தூக்கித் தூக்கி மூச்சு விட்டது. பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

குட்டிக்கு ஒரு பக்கம் தாய். இன்னொரு பக்கம் வேறொரு பெண் டால்பின். இரண்டுக்கும் நடுவில் தண்ணீரின் இழுப்பிலேயே குட்டி அதிகம் சிரமப்படாமல் போய்க்கொண்டிருந்தது. தாய் ஒருமுறை ஆழத்துக்குப் போனது. குட்டியால் அவ்வளவு நேரம் மூச்சடக்க முடியாது. தாய் திரும்பி வரும்வரை அந்த இன்னொன்று குட்டியை விட்டு விலகவே இல்லை, மேலேயே அதோடு சேர்ந்து நீந்திக்கொண்டிருந்தது. இதற்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. என் தோழி, "அது சித்தி" என்றாள்.

டால்பின் குட்டி பெரும்பாலும் வால் முதலில்தான் பிறக்கும். தலை கடைசியாக வந்தால் தண்ணீருக்குள் மூச்சு முட்டாமல் இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தலை முதலில் வந்து நன்றாகப் பிழைத்த குட்டிகளும் உண்டு, அதனால் காரணம் இதுதானா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் பேச்சு ஓடுகிறது. எப்படி வந்தாலும் எந்தக் கூட்டமும் எந்தக் குட்டியையும் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. அந்தக் குட்டிக்கு மாமன் யார் என்று எங்களுக்குத் தெரியாது. யாரும் செத்து மிதக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இதையெல்லாம் நான் வீட்டில் சொல்லாமல் இருந்திருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? அம்மாவிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன், பால் ஊற்ற வந்தவரிடம்கூடச் சொன்னேன். மீனையும் பிள்ளையையும் ஒன்றாகப் பேசுகிறாளே, பிரசவத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று என்னைப் பார்த்தார்கள். மீன் இல்லை அம்மா, அதற்கும் நுரையீரல்தான், அதற்கும் வெதுவெதுப்பான ரத்தம்தான், நம்மைப்போலவே ஏறக்குறையப் பத்து மாதம் சுமந்து, ஒரே குட்டி போட்டு, வருடக்கணக்கில் பால் கொடுக்கும் என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது கிடக்கட்டும், எண்ணெய் வைக்கிறாயா இல்லையா என்றாள்.

நான் சாமிக்கு எதிரி இல்லை. கோவிலில் கொடுக்கும் புற்றுமண்ணை அம்மா தினமும் குழந்தை நெற்றியில் வைப்பாள், நானே தலையைப் பிடித்துக் காட்டுவேன். அது யார்மேலும் பழி போடவில்லையே. மனிதக் குழந்தை கால் முதலில் வருவது ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். அது டாக்டர் கவலைப்பட வேண்டிய ஆபத்து. அதில் மாமன் கவலைப்பட என்ன இருக்கிறது?

என் கணவர் நல்ல மனிதர். நான் சொல்வது சரி என்பார், அடுத்த மூச்சில் 'ஆனால்' என்பார். ஒருநாள் அவரும், "ஒரு கிண்ணம் எண்ணெதானட்டி. வச்சிட்டா ஒங்கண்ணன் வந்துட்டுப் போறாரு" என்றார். ஒரு கிண்ணம் எண்ணெய்தான். அதை நான் வைத்தால், ஆமாம், என் பிள்ளை முகத்தில் ஆளைக் கொல்கிற ஏதோ இருக்கிறது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. நாளைக்கு அண்ணனுக்குத் தலைவலி வந்தாலும் அவள்தான். பள்ளிக்கூடத்தில், கல்யாணப் பேச்சில், எங்கே போனாலும் அந்தக் கிண்ணம் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். முடியாது என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வலிக்காமல் இல்லை. ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரத வீதியில் போகும்போது எதிரே அண்ணன் பைக்கில் வந்தான். எங்களைப் பார்த்ததும் சட்டென்று ஒரு சந்துக்குள் திருப்பிவிட்டான். அந்தச் சந்து முட்டுச்சந்து, எங்கள் இருவருக்கும் அது தெரியும். உள்ளே போய் என்ஜினை அணைத்துவிட்டு நாங்கள் தாண்டிப் போகும்வரை நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த வாரமே அவன் தறியில் நெய்த துண்டுகள், பிள்ளைக்கு என்று அம்மா மூலம் வந்தன. துண்டு வரலாம், ஆள் வரக்கூடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கால் முதலில் பிறந்தவர்களைப் பற்றி எங்கள் ஊரில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இடுப்புப் பிடிப்பு, முதுகுப் பிடிப்பு வந்தவர்களை அவர்கள் காலால் மிதித்தால் சரியாகிவிடுமாம். என் மகள் எட்டு வைத்து நடக்க ஆரம்பித்ததும் தெருவில் ஒவ்வொருவராக வந்தார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு ஒருவர், குனிய முடியாமல் ஒருவர். அவளுக்குத் தோஷம் என்று பேசிய அதே வாய்கள், "சும்மா ஒரு மிதி மிதிக்கச் சொல்லேன்" என்று கேட்டன. எல்லோரையும் வாசலோடு திருப்பி அனுப்பினேன். என் பிள்ளை சனியனும் இல்லை, தைலமும் இல்லை, பிள்ளை என்றேன். திமிர் பிடித்தவள் என்ற பெயர் அப்போதுதான் உறுதியானது.

ஒரு வயது முடிந்து முடி இறக்கிக் காது குத்துவது என்று முடிவானது. மேலநீலிதநல்லூர் தாண்டி, பனைகளுக்கு நடுவே இருக்கிறது குலதெய்வக் கோவில். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், அதுதான் முறை. மாமன் மடியில் உட்காராத பிள்ளை என்றால் அந்தப் பேச்சு சாகும்வரை போகாது. அம்மா கடைசித் தடவையாகத் தூது வந்தாள். அண்ணன் சீரோடு வருவான், ஆனால் கோவில் வாசலில் எண்ணெய்க் கிண்ணம் வைக்க வேண்டும், மதினி அதில் பிடிவாதமாக இருக்கிறாள் என்றாள். கிண்ணம் இல்லையென்றால் அவன் மடியும் இல்லை.

அன்றைக்கு எனக்கு அந்த இன்னொரு ஓங்கல் ஞாபகம் வந்தது. தாய் ஆழத்துக்குப் போனபோது பக்கத்திலேயே நின்றதே, அது. தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைக்கு ஒரு மடி வேண்டும், வருவாயா என்று கேட்டேன். தோழி காரணம்கூடக் கேட்கவில்லை. என்ன நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு வரட்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு காலை ஜமுக்காளம் விரித்து, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய என் மகளைத் தோழியின் மடியில் உட்கார வைத்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை, பொம்பளை மடியில், அதுவும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பொம்பளை மடியில். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், முணுமுணுப்பு நின்றது. காது குத்தும் ஆசாரி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் மதினி வந்தார். சீர்த்தட்டுகளோடு, தனியாக. அண்ணன் ரோட்டோரம் வேனில் உட்கார்ந்திருக்கிறான் என்று பின்னாலேயே செய்தி வந்தது. கிண்ணமும் வேனில் தயாராக இருக்கிறது, நான் சரி என்று சொன்னால் போதும். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதினி முகம் கறுத்து, பழம் நிறைந்த பித்தளை அண்டாவை ஜமுக்காளத்தில் இறக்கிவைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அம்மா என்று ஒரு சத்தம், அப்படியே முழங்காலிட்டு, பிறகு குப்புறச் சரிந்துவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது.

பெண்கள் எல்லோரும் கூடினார்கள். ஒருத்தி தைலம் தேடினாள், ஒருத்தி விசிறினாள். என் அப்பாவோடு பிறந்த அத்தைக்குத்தான் அந்த யோசனை வந்தது. "கால்பொறப்புப் பிள்ளை இங்கனதான இருக்கு. ஒரு மிதி மிதிச்சா எந்திச்சிருவா" என்று சொல்லிக்கொண்டே தோழி மடியிலிருந்து என் மகளைத் தூக்கப் போனாள். மதினியும் படுத்த வாக்கில், வலியோடு, என் பக்கம் கை நீட்டினார்.

நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்தது எல்லாம் ஒரே கேள்வியாக வந்தது.

"மதினி, எம் பிள்ள மொகம் ஆகாது. காலு மட்டும் ஆகுமா?"

மதினி சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன், வந்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் ஜமுக்காளத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "எனக்குப் பயம்மா இருக்கு. ஒங்கண்ணனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்ட்ட போவேன்?" என்றார். இத்தனை நாளும் அதை நான் ஆணவம் என்றுதான் நினைத்திருந்தேன். அது வெறும் பயம் என்று தெரிந்ததும் எனக்குள் ஏதோ இளகியது உண்மை. ஆனால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. "பயம் ஒங்களுக்கு மதினி. பழி எம் பிள்ளைக்கா?" என்று கேட்டேன்.

மதினி விழுந்துவிட்டார் என்று யாரோ ரோட்டுக்கு ஓடிச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் வேனிலிருந்து குதித்து, முறிந்து சேர்ந்த காலை இழுத்து இழுத்து ஓடி வந்தான். கிண்ணம், எண்ணெய், ஜோசியர் எதுவும் அப்போது அவனுக்கு ஞாபகம் இல்லை. நேராக எங்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். அத்தை பதறிப்போய்த் தன் முந்தானையை எடுத்து என் மகள் முகத்தில் போட்டு மூடினாள். நான் அதைப் பிடித்து இழுத்து எறிந்தேன்.

என் மகளுக்கு அது விளையாட்டாகத் தெரிந்திருக்கிறது. முந்தானை விலகியதும் எதிரே நின்ற ஆளைப் பார்த்து, சந்தனம் வழிய, இருக்கிற நான்கு பல்லையும் காட்டிச் சிரித்தாள். அண்ணன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், அவள் மூக்கையும் தொட்டான். "என்னைய மாதிரியேதான் இருக்கு" என்றான்.

பிள்ளையை மடியில் வைத்து நான் உட்காரட்டுமா என்று கேட்டான். அவனுக்காக ஒரு வருடம் ஏங்கியவள் நான். சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து, பட்டுச்சேலை கட்டி, முணுமுணுப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒருத்தி மடியைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். மாமன் வந்துவிட்டான், எழுந்திரு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"மடி குடுத்தாச்சு அண்ணே. நீ பக்கத்துல உக்காந்து தலையப் பிடிச்சுக்கோ" என்றேன்.

அண்ணன் கோபப்படுவான் என்று கூட்டத்தில் எதிர்பார்த்தார்கள் போல. அவன் காலை நீட்டிக் கஷ்டப்பட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். தோழி அவனுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவன், நடுவில் என் மொட்டைத்தலைக் குட்டி. தோழி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குப் படகில் பார்த்ததைத்தான் அவளும் நினைக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு காதும் குத்தி முடிகிறவரை நான் தூர நின்று பார்த்தேன்.

குத்தி முடித்ததும் என் மகள் ஊரைக் கூட்டி அழுதாள். அண்ணன் வாழைப்பழத்தைக் காட்டினான், தட்டிவிட்டாள். தோழி மடியிலிருந்து இறங்கித் தத்தித் தத்தி என்னை நோக்கி ஓடி வந்தாள். வழியில் மதினி இன்னும் குப்புறத்தான் கிடந்தார். சுற்றிப் போகிற வயதா அது? ஒரு கால், இரண்டு கால், முதுகின் மேலேயே ஏறி நடந்து வந்துவிட்டாள். மதினி வீல் என்று கத்தினார். கத்தியவர் கொஞ்ச நேரத்தில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அத்தை முதலில் குலவை போட்டாள், பிறகு எல்லோரும் போட்டார்கள். நான் என்ன செய்ய, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மதினி இன்றுவரை தன் முதுகைச் சரியாக்கியது என் மகள்தான் என்று ஊரெல்லாம் சொல்கிறார். நானும் விடாமல், தைலம் தேய்த்ததும் அவ்வளவு நேரம் அசையாமல் படுத்துக் கிடந்ததும்தான் காரணம் என்கிறேன். அந்த எண்ணெய்க் கிண்ணம் வேனிலேயே கிடந்து சீட்டில் கொட்டிவிட்டது. வேன்காரர் திட்டிய திட்டுதான் அந்தத் தோஷத்துக்கு நடந்த ஒரே பரிகாரம்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஒன்றுமே ஆகவில்லையா என்றால், ஆனது. காய்ச்சல் வந்தது. போன மழையில் தறிக்கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தது. யாரும் என் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோழி வருடத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறாள். என் மகள் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள்.

இந்த வருடத் தபசு அன்று என் மகள் கூட்டத்தில் எதுவும் தெரியவில்லை என்று அழ, அண்ணன் அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். இன்னும் லேசாக நொண்டுகிறான். அவளுடைய இரண்டு கால்களும் அவன் நெஞ்சில் தொங்கின, விழுந்துவிடாமல் இரண்டு பாதங்களையும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். இந்த உலகத்துக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து சேர்ந்த பாதங்கள் அவை. சின்ன விஷயம்தானே, செய்துவிட்டுப் போயேன் என்று இப்போதும் யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அண்ணன் அதில் குனிந்து பார்க்க நான் சம்மதித்திருந்தால், என் மகளை அவள் மாமன் ஆயுளுக்கும் எண்ணெயில் தெரிந்த நிழலாகத்தான் பார்த்திருப்பான்.